நீலப் புடவைப் படத்துக்கு மாலை

நவமணி சூப்பர் மார்க்கெட்டில் நாற்பது வருடத்துக்கு முன் மாட்டிய தகரப் பலகைகள் இன்னும் சங்கிலியில் தொங்குகின்றன. பருப்பு, பிஸ்கட், சோப்பு என்று சிவப்பு எழுத்துகள். சேலத்தில் மற்ற கடைகளெல்லாம் உள்ளே விளக்கெரியும் பெயர்ப் பெட்டிகளுக்கு மாறிவிட்டன. பத்து வருடம் கழித்து உள்ளே நுழைந்த ஹெலன், பழைய கால்பழக்கத்தில் பருப்புப் பக்கம் நடந்தாள். இளம் வயதில் அங்கே விற்பனைப் பெண்ணாக இருந்தவள்.

தூணில் அவள் படமும் அப்படியே இருந்தது. நீலப் புடவை, கூப்பிய கைகள், கீழே 'நல்வரவு'. சினிமா பேனர் வரைகிறவர் அவளை இரண்டு நாள் நிற்க வைத்துத் தகரத்தில் வரைந்தது.

இப்போது அதற்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள். நெற்றியில் குங்குமம். பக்கத்தில் ஊதுபத்தி.

ஹெலன் கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஆண்ட்ரூஸ் இறந்த பிறகு அரிசிப்பாளையம் வீட்டுக் கதவைத் தட்ட ஆளில்லை. நாம் இருப்பது யாருக்காவது தெரியுமா என்ற நினைப்போடுதான் தினமும் விழிப்பாள். அந்தக் கேள்விக்கு விடை இங்கே மாலையாகத் தொங்கியது.

ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் அட்டையில் யாழினி என்று இருந்தது.

"இது யாரும்மா?"

"பெரிய முதலாளி சம்சாரமுங்க. செத்துப் பல வருசமாச்சுன்னு மேனேஜர் சொன்னாருங்க. மல்லசமுத்திரத்து பஸ்ஸு லேட்டாச்சுன்னா, திட்டு உழாம பாத்துக்கோன்னு இவிங்ககிட்டத்தான் வேண்டிக்குவேன்."

"காப்பாத்துறாங்களா?"

"பாதி நாளைக்குங்க."

ஹெலனுக்குச் சிரிப்பு வந்தது. அது நான்தான் என்று சொன்னால் இந்தப் பிள்ளை கூசிப்போகும். சொல்லாமல் திரும்பினால், அந்த மாலை மெய்யாகிவிடும் போலிருந்தது. மாதாவை மனதுக்குள் கூப்பிட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்தம்மா இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கு பாரு. எனக்கும் இருக்கு."

யாழினி படத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"ஐயோ சாமி! உசுரோட இருக்கறவிங்களுக்கா மாலை போட்டேன்!" முக்காலியில் ஏறி அவசரமாகக் கழற்றினாள். "மாலை போட்டு நாலு மாசமாச்சுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"மூட்டு வலிதான்."

"அதும் என்னாலதானுங்களோ?"

"அது பத்து வருசத்துப் பழசு கண்ணு."

மேனேஜர் அருணகிரி கல்லாவிலிருந்து கத்தினார். "ஏம்மா, அம்மா படத்து மாலை எங்க?"

"மாலையெல்லாம் போடக் கூடாதுங்க சார். அவிங்க இருக்காங்க! இதா நிக்கறாங்க!"

கடை முழுக்கத் திரும்பியது. 'இருக்காங்க.' தன்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஆண்டவர் பெரிய காரியங்களுக்குத் தூதர்களை அனுப்புகிறார். சின்னக் காரியங்களுக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் போதும் என்று விட்டுவிடுகிறார். ஹெலன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கிளம்பும்போது யாழினி போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அழைப்பு வந்தது.

"நாந்தானுங்க, யாழினி. பஸ்ஸுக்கு நிக்கறேன். நல்லாயிருக்கீங்களா? ராத்திரியெல்லாம் மனசு கேக்கலீங்க."

"இருக்கேன் கண்ணு. பஸ் வந்திருச்சா?"

"இன்னும் வல்லீங்க."

"அப்ப வர்ற வரைக்கும் பேசு," என்று ஹெலன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.