ஏழு பேருக்கு ஒரு முன்பதிவு

மதியம் ஒன்று நாற்பது. விடுதியில் நேற்றைய விருந்தினர்கள் போயிருப்பார்கள், இன்றையவர்கள் வந்திருக்க மாட்டார்கள். அம்மா குளியல் தொட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். தொலைபேசியை முதலாளியம்மாதான் எடுப்பாள். இசோபே பார்த்துப் பார்த்துத் தேர்ந்த நேரம் அது.

அலுவலகத்தின் பனிச்சறுக்குப் பயணத்துக்கு இந்த வருடம் அவன்தான் பொறுப்பு. நான்கு ஊர்களைப் பட்டியலிட்டிருந்தான். சொந்த ஊர் அதில் இல்லை. கூட வேலை பார்க்கும் மிஹோதான் ஒரு பத்திரிகையிலிருந்து படத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். சரிவின் அடிவாரத்தில் பழைய விடுதி, பனிக்கு நடுவே ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்று.

"அங்க கூட்டமா இருக்கும்," என்றான் இசோபே.

"யோகோஹாமாக்காரனுக்குப் பனியைப் பத்தி என்னப்பா தெரியும்?" என்றார் பிரிவுத் தலைவர் நகானிஷி. எல்லோரும் சிரித்தார்கள். முடிவாகிவிட்டது.

யோகோஹாமாதான் சொந்த ஊர் என்பது அவன் சொன்ன பொய். ஆறு வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த வாரம், வரவேற்பு விருந்தில். படத்திலிருந்த அந்த மலையூர் விடுதியில் அறை அறையாகச் சாப்பாட்டுத் தட்டு சுமப்பவள் தன் அம்மா என்பதை அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? காலையில் அம்மாவின் எண்ணை இரண்டு முறை எடுத்தான். என்னைத் தெரியாத மாதிரி இரு என்று எந்த வாயால் கேட்பது? வைத்துவிட்டான்.

"ஸ்பீக்கர்ல போடு. நாங்களும் கேக்கறோம்," என்றார் நகானிஷி.

எடுத்தது அம்மா.

"முதலாளியம்மா வெளிய போயிருக்காங்க. நான் குறிச்சுக்கறேங்க."

பிப்ரவரி இரண்டாம் சனி, ஏழு பேர், ஓர் இரவு. குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னான்.

"வாசல் பலகையில எந்தப் பேர் எழுதட்டும்?"

விருந்தினரை வரவேற்கும் அந்தப் பலகையில் ஏற்பாடு செய்தவர் பெயரைத்தான் எழுதுவது வழக்கம்.

"நகானிஷி."

"ஏய், அலைஞ்சது நீ. உன் பேரைச் சொல்லேன்," என்றார் நகானிஷி.

"உங்க பேர் இருந்தாத்தான் சார் மரியாதை."

"காக்கா பிடிக்கறதப் பாரு!" என்றாள் மிஹோ.

மறுமுனையில் பென்சில் நின்றது.

"நகானிஷி," என்றாள் அம்மா மெதுவாக. "சரிங்க சார்."

மகனின் குரலைத் தெரிந்தும் தெரியாத மாதிரி, அவன் கேட்கத் துணியாததை அவளாகவே கொடுத்துவிட்டாள். காது மடல்கள் சுட்டன. மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரிக்கு நண்டு வைப்போம். எல்லாருக்கும் ஒத்துக்குமா சார்?"

"ஆஹா, நண்டு!" மிஹோ கை தட்டினாள்.

இசோபேவுக்கு நண்டு ஆகாது. ஒரு வாய் தின்றால் தொண்டை வீங்கிவிடும். சிறுவயதில் அம்மா அவனை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் மருத்துவரிடம் ஓடியிருக்கிறாள். இப்போது அதைச் சொன்னால், உன் மகன்தான் பேசுகிறேன் என்று அவளிடம் வாய்விட்டு ஒப்புக்கொண்ட மாதிரி.

"எல்லாருக்கும் ஒத்துக்கும்," என்றான்.

மறுமுனையில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றாள். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஒருத்தருக்கு மட்டும் நண்டு இல்லாம மீன் வச்சிரட்டுமா?"