ரெய்னோவின் கடைசிப் பீப்பாய்

ராய்ஸ் பெனலூனாவைக் கண்டாலே எனக்கு ஆகாது. இது இன்று நேற்று வந்ததில்லை. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கென்று எங்கள் ஊரில் ஒரு சங்கம் உண்டு. அதற்கு அவன்தான் தலைவர். மாதம் ஒருமுறை தீயணைப்பு நிலையத்து ஹாலில் கூடுவோம். யார் என்ன கொண்டுவந்தாலும் முதல் வாய் அவனுக்குத்தான். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகு கண்ணைத் திறந்து, "அடியில லேசா வாழைப்பழ ருசி தெரியுது" என்பான். வாழைப்பழமாவது மண்ணாவது!

அப்படிப்பட்டவன் கொட்டகைக்கு நானே போய் நிற்கும்படி ஆயிற்று. எனக்கு அவசரமாக ஒரு பீப்பாய் வேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை ரெய்னோவுக்கு அடக்கம். மனுஷன் செத்தது ஜனவரியில். இங்கே ஜனவரியில் செத்தவர்கள் மே மாதம் வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். மண் இறுகிப் பாறையாகிக் கிடக்கும்போது யார் குழி வெட்டுவது? கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல் அறையில் பெட்டியை வைத்துப் பூட்டிவிடுவார்கள். பனி கரைந்து மண் இளகினதும் பாதிரியார் நாள் குறிப்பார்.

ரெய்னோ எங்கள் எல்லோருக்கும் மூத்த கை. கறுத்த ரை ரொட்டி நிறத்தில், ஜூனிபர் என்கிற ஊசியிலைச் செடியின் கிளையைப் போட்டு ஒரு பியர் காய்ச்சுவார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் அது. சும்மா கேட்டால் ஒரு சொட்டு கிடைக்காது. அதன் பக்குவத்தைச் சொல்லச் சொல்லி ராய்ஸ் வருஷக்கணக்கில் அவர் பின்னால் அலைந்தான். "உனக்கு எதுக்கு? நீதான் வாழைப்பழம் கண்டுபிடிக்கிற ஆளாச்சே" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

போன இலையுதிர்காலத்தில் டாக்டர் கையை விரித்ததும், ரெய்னோ நிலவறைக்குள் இறங்கித் தன் அடக்கத்துக்குத் தானே பியர் காய்ச்சினார். ஒரு பீப்பாய் நிறைய. படுக்கையில் விழுந்த பிறகு மனைவி சைமாவைக் கூப்பிட்டு, "கீழே ஒண்ணு ரொப்பி வெச்சிருக்கேன். குழியில இறக்கினதும் எல்லாருக்கும் ஊத்து" என்று சொன்னார்.

சைமாவே இதை என்னிடம் சொன்னார். மார்ச் மாதம், அவர் வீட்டு வாசலில் குவிந்திருந்த பனியைத் தள்ளிவிட்டு உள்ளே காபிக்குப் போயிருந்தேன். மாவட்டத்துப் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள் நான். அந்தத் தெருவெல்லாம் நான்தான் பார்க்கிறேன்.

"அப்ப அடக்கத்து அன்னிக்கு ரெய்னோ பியர் உண்டுன்னு சொல்லுங்க" என்றேன்.

"இல்ல ஐலா. அப்படி எதுவும் கிடையாது."

"என்ன சொல்றீங்க?"

"கீழே இறங்கவே மனசு வரலைன்னு பிப்ரவரியில எல்லாப் பீப்பாயையும் ராய்ஸுக்கே வித்துட்டேன். அதுல ஒண்ணு நெறஞ்சிருக்கு, அதை மட்டும் விட்டுடுப்பான்னு சொன்னேன். அவன் மட்டும் கீழே போய் ஒவ்வொண்ணா தூக்கி ஆட்டிப் பார்த்துட்டு வந்தான். எல்லாமே காலி சைமா, வியாதியில ஏதோ பேசியிருப்பாரு, மனசுல வெச்சுக்காதீங்கன்னான்."

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பியர் போனா போகுது. அதைச் சொன்ன அதே ராத்திரி இன்னொண்ணும் சொன்னாரு. உன்னைக் கட்டினதுக்கு ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லைன்னு. இத்தனை வருஷத்துல அவர் வாய்லேர்ந்து அந்த மாதிரி ஒரு வார்த்தை வந்ததே இல்ல. உனக்குத்தான் தெரியுமே, நம்ம ஆம்பளைங்க வாயைத் தொறந்தா வானிலைதான் வரும். நான் அதைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்ப பார்த்தா பியரே இல்லை. புத்தி தடுமாறித்தான் பேசியிருக்காரு. அப்ப அதுவும் அப்படித்தானே?"

சொல்லிவிட்டுக் காபிக் கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விட்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி, ரெய்னோ பியர்தான் இல்லை, வெறும் வாயோடு யாரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பக் கூடாது என்று நானே ஒரு வாளி காய்ச்சினேன். அது சுமார்தான். எனக்கே தெரியும். ஆனால் என்னிடம் இருப்பதெல்லாம் பாட்டில். அத்தனை பேருக்குக் கொண்டுபோய் ஊற்றுவதற்குப் பீப்பாய்தான் சரி. ராய்ஸ் பழைய பீப்பாய் விற்கிறான் என்று தெரிந்து வியாழக்கிழமை போனேன்.

கொட்டகைக்குள் ஒரு வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். எல்லாம் ரெய்னோவுடையவை. ஒரு காலத்தில் கோலா கம்பெனிகள் சிரப் அடைத்து அனுப்பிய எவர்சில்வர் பீப்பாய்கள், தொடையளவு உயரம்.

"பார்த்து எடு. எல்லாத்துக்கும் புது வாஷர் போட்டிருக்கேன். இந்த மாதிரி சரக்கு இனி கிடைக்காது" என்றான்.

பழைய பீப்பாய் வாங்குகிறவள் விற்கிறவன் பேச்சைக் கேட்கக் கூடாது. மூடியைத் திறந்து டார்ச் அடித்து அடியில் துருப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் மூக்கைத் தடவிப் பார்க்க வேண்டும். கடைசியாக மூடியின் ரப்பர் வாஷரை மோந்து பார்க்க வேண்டும். எவர்சில்வரை நன்றாகக் கழுவினால் வாசம் போய்விடும். ரப்பரில் ஏறிய வாசம் லேசில் போகாது. இந்த ரப்பர் விஷயத்தில் ரெய்னோவுக்கு ஒரு கிறுக்கே உண்டு. பீப்பாய் காலியானதும் வாஷரைப் பிடுங்கி அடுப்பில் எறிந்துவிடுவார். அடுத்த முறை ரொப்பும்போதுதான் புதிது போடுவார். அவரிடம் சும்மா நிற்கும் பீப்பாய் எதிலும் வாஷரே இருக்காது.

முதல் பீப்பாயின் வாஷரில் கடையில் வாங்கின வாசம் அப்படியே இருந்தது. அடுத்ததிலும் அதேதான், பளபளவென்று புது ரப்பர். ஓரத்தில் இருந்த ஒன்றைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். ஜூனிபர் வாசம். அதற்குப் பின்னால் கருகின ரை ரொட்டி ஓரம்.

இன்னொரு தரம் மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"இதுக்கு ஏன் வாஷர் மாத்தலை?" என்றேன்.

"எது? ஓ, அதுவா? அதுல ஏற்கெனவே புதுசு இருந்துச்சு. எதுக்கு வீணாக்கணும்?"

"ரெய்னோ காலிப் பீப்பாயில வாஷர் போட மாட்டாரே."

அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடிதான். அது போதும்.

"நெறஞ்சிருந்துச்சு. இல்லே?"

"இப்ப என்ன அதுக்கு?"

"நெறஞ்சிருந்துச்சாடா?"

"கத்தாதே. ஆமா, இருந்துச்சு. உறைஞ்ச ஏரி மேல மீன் பிடிக்கக் கொட்டகை போட்டிருந்தோமில்ல, அங்க பசங்களோட குடிச்சோம். பீப்பாயை மொத்தமா விலை பேசி வாங்கினேன். உள்ளே இருக்கிறதும் எனக்குத்தான். பழைய பீப்பாய் வாங்கினா உள்ளே உள்ளதைக் கொட்டிடுவாங்க. நான் கொட்டாம மரியாதையா குடிச்சேன்."

மரியாதையாம்! உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது எனக்கு.

"அந்தம்மா உன்கிட்ட வாயைத் தொறந்து கேட்டாங்களே, ஒண்ணை மட்டும் விட்டுடுன்னு."

"செத்தவருக்கென்ன தாகமா எடுக்கப்போவுது?"

"திருட்டு நாயே!"

"இங்க பாரு ஐலா, வார்த்தையை அளந்து பேசு. ஒரு பீப்பாய் பியருக்கா இந்தக் கூத்து? வேணும்னா அதுக்கும் சேர்த்துப் பணம் குடுத்துடறேன்."

"பியர் கிடக்குது! குடிச்சதோட நிறுத்தினியா நீ? வியாதியில உளறியிருப்பாருன்னு யாருடா உன்னைச் சொல்லச் சொன்னது?"

"அது... சும்மா, அவங்க தேடக் கூடாதேன்னு."

சும்மா. அவனுக்கு அது ஒரு சும்மா வார்த்தை. அந்தச் சும்மா வார்த்தை பிப்ரவரியிலிருந்து ஒரு பொம்பளையை உட்காரவைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. ரெய்னோ படுக்கையில் வேறு என்ன சொன்னார், அதைச் சைமா இப்போது என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவனிடம் சொன்னேன்.

அவன் பீப்பாய்களின் மேலிருந்த தூசியைத் துடைத்தான்.

"சனிக்கிழமை அங்க வந்து உன் வாயால சொல்லு" என்றேன்.

"நீயே சொல்லிடேன். உனக்குத்தான் அவங்க நெருக்கம்."

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க. குடிச்சவன் சொன்னாத்தான் நம்புவாங்க."

"ஊரே நிக்கும் ஐலா. என்னால முடியாது."

"முடியாதா? சரி. அடுத்த குளிர்காலத்துல உன் தெருவுக்குப் பனி தள்ள யார் வருவாங்கன்னு யோசிச்சுப் பார்த்தியா? பனியை எங்க குவிச்சா உன் வாசல் மூடும்னு எனக்குத் தெரியும். ஏப்ரல் வரைக்கும் நீ ஜன்னல் வழியாத்தான் வெளிய வரணும்."

"வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க உன்னை."

"தூக்கட்டும்!"

அந்தப் பீப்பாயைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டேன். காசு தரவில்லை. அவனும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அதிலேயே என் பியரை ஊற்றி, நுரை வருவதற்காகக் கேஸ் ஏற்றி, சனிக்கிழமைவரை நேரம் கிடைத்தபோதெல்லாம் குலுக்கிக் குளிரில் வைத்தேன். வாஷரை மாற்ற மனம் வரவில்லை. நடுவில் பலமுறை போனை எடுத்துச் சைமாவின் எண்ணை அழுத்தப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் மரநிழலில் இன்னும் அழுக்குப் பனி கிடந்தது. பெட்டியை இறக்கினார்கள். பாதிரியார் முடித்தார். நான் வண்டியின் பின்கதவைத் திறந்து பீப்பாயிலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். ராய்ஸைக் காணவில்லை. வரமாட்டான், பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஊற்றினேன். அப்போது தோட்டத்து வாசலில் அவன் வண்டி வந்து நின்றது. காலர் வைத்த சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அது வேறு எனக்கு எரிச்சலாக இருந்தது.

நேரே சைமாவிடம் வந்தான்.

"சைமா, ஒரு விஷயம். அந்தப் பீப்பாய் நெறஞ்சுதான் இருந்துச்சு."

"எந்தப் பீப்பாய்?"

"ரெய்னோ சொன்னது. கீழே ஒண்ணு நெறஞ்சிருந்துச்சு. நான்தான் காலின்னு பொய் சொல்லி எடுத்துட்டுப் போய்க் குடிச்சிட்டேன். அவரு உளறலை. அப்படி நான்தான் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

ரெய்னோவின் தம்பி ஒரு அடி முன்னால் வந்தார். சைமா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு சைமா ராய்ஸைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறேதாவது இருந்ததா, எனக்குத் தெரியவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

"ஆங்?"

"குடிச்சியே, எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். நாங்க யாரும் குடிக்கலையே. சொல்லு."

எல்லோர் பியருக்கும் பேச்சு வைத்திருப்பவன். அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முதல்ல ஜூனிபர் வந்துச்சு" என்றான். "அப்புறம் ரை ரொட்டி. கசப்பு கொஞ்சம்தான். ஒரு குறை கிடையாது சைமா. அந்த மாதிரி நான் குடிச்சதே இல்லை. கை நடுங்குற ஆள் காய்ச்சினதுன்னு யாரும் சொல்ல முடியாது."

"புத்தி தடுமாறினவர் காய்ச்சினதுன்னு?"

"அப்படியும் சொல்ல முடியாது."

சைமா குழிப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஜனவரியில் அழாதவர், மார்ச்சில் அழாதவர், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "சொன்னாரு ஐலா," என்றார் என்னிடம் மட்டும். "நெசமாத்தான் சொல்லியிருக்காரு."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையிலிருந்த கோப்பைகளை வாங்கி அவரே எல்லோருக்கும் கொடுத்தார். ரெய்னோவின் தம்பிக்கு, பாதிரியாருக்கு, குழி வெட்டிய பையன்களுக்கு. கடைசியாக ராய்ஸ் நின்ற இடத்துக்கு வந்தார். என்ன இருந்தாலும் அடக்கத்துக்கு வந்த ஆளாயிற்றே என்று நான் ஒரு கோப்பையை நீட்டினேன்.

சைமா அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"அவனுக்கு வேணாம்" என்றார். "அவன் குடிச்சாச்சு."