விரிசல் இல்லாத அறை

…உளுத்துத்தான் போயிருக்க வேண்டும், உள்ளே கம்பியெல்லாம் துருவேறி நூலாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு... என்று நினைத்த நொடியிலேயே மொஞ்சியாவுக்குத் தன்மேல் ஒரு அருவருப்பு வந்தது. ஒரு தலைமையாசிரியை தன் பள்ளிக்கூடத்துக் கூரை கெட்டுப்போயிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு முற்றத்தில் நிற்பாளா, நிற்கிறாளே, காலை ஏழரை மணிக்கே ஜூலை வெயில் பிடரியைச் சுடுகிறது, தலைத்துணியை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு மூன்றாம் வகுப்பு அறையின் மேல்தளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மேலே லஸ்ஹர் மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் இருவரும், உடைப்பு மிஷினின் வயரை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஹரீசா மிளகாய் விழுது தடவிய ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு... இன்னும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எட்டு மாதமாக ஊரே கேட்ட கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில், அதுவும் ஒரு மிஷின் சொல்லப்போகிறது. வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு அதன் சக்கரத்தில் சாய்ந்து நிற்கிறானே சஹ்பி, அவனும் கேட்கத்தான் போகிறான். இடிபாட்டை அள்ளிப்போக இந்த ஊரில் வேறு டிராக்டரே கிடைக்கவில்லையா, யாரைக் கேட்டு அவனை வரச்சொன்னார்கள், மேஸ்திரி வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும் பாவம்.

போன நவம்பர், மதிய இடைவேளையில், மூன்றாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சின்மேல் கூரைப் பூச்சு விழுந்தது. ரொட்டித்தட்டு அகலம் இருக்கும். பெஞ்சில் யாரும் இல்லை, ஒரு நோட்டு மட்டும் இருந்தது, அதன் அட்டை கிழிந்தது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவள் அண்ணாந்து பார்த்தபோது கூரையில் அந்தப் பழுப்புக் காயமும் அதிலிருந்து நாலாபக்கமும் ஓடிய விரிசல்களும்... கல்வித்துறை மேலிடத்துக்குப் போன் செய்தாள். “பூச்சு விழுறதுக்கெல்லாம் வகுப்பை மூடினா நாட்டுல ஒரு பள்ளிக்கூடமும் மிஞ்சாது மேடம். சுண்ணாம்பு அடிச்சு விடுங்க” என்றார் அந்த மனிதர், ஏதோ மென்றுகொண்டே பேசினார், அந்த மெல்லும் சத்தம்தான் அவளைக் கிளப்பிவிட்டதோ என்னவோ. அன்று சாயங்காலமே சந்தைக்குப் போய் மூன்று பூட்டு வாங்கி அதே தளத்தின் கீழிருந்த மூன்று வகுப்பறைகளையும் பூட்டினாள். மறுநாள் காவலாளி பெஷீர் சாச்சாவோடு சேர்ந்து பெஞ்சுகளை முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த நீள அறைக்குத் தூக்கிப்போனாள். ஒரு காலத்தில் பிள்ளைகள் சாப்பிட்ட அறை, இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ சங்கத்துக்காரர்கள் வந்து கனமாகப் பூச்சு பூசி, சுவரில் நீல மீன்கள் வரைந்துவிட்டுப் போனார்கள். நாலு மூலையையும் அண்ணாந்து பார்த்தாளே, கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தாளே, ஒரு விரிசல் இல்லை.

ஒரே அறை, மூன்று வகுப்பு, ஆகவே முறை வைத்தாக வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்புக்குக் கடைசி முறை, மூன்று மணியிலிருந்து ஐந்து. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு இங்கே வெளிச்சம் ஏது? அன்றைக்கே சஹ்பி வந்துவிட்டான், உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. “இருட்டுல ஓடையைத் தாண்டி என் பொண்ணு வீட்டுக்கு வரணுமா? உங்க சுண்ணாம்பு உதிர்ந்ததுக்கு எஸ்மா ஏன் மேடம் நாய்க்கடி படணும்?” என்றான். அவள் என்ன சொன்னாள்? “கூரை விழுந்த பிறகு வந்து கேளுங்க.” அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவன் போய்விட்டான், எஸ்மா அதன்பிறகு ஒரு நாள்கூட வரவில்லை. ஆசிரியர் தினமும் பெயர் கூப்பிடுவார், முப்பத்தொரு பெயர், எஸ்மா பெயருக்கு நேரே ஒரு கோடு, பிறகு அடுத்த பெயர். பெஷீர் சாச்சாவை ஓடைவரை துணைக்கு அனுப்பியிருக்கலாம், எவ்வளவு எளிது, ஆனால் அது பிப்ரவரியில்தான் தோன்றியது, தோன்றியபோது அவன் வீட்டுப் படியேறிச் சொல்லக் கௌரவம் விடவில்லை. அதுதான் உண்மை, கௌரவம்தான். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிற்று. கூரை கெட்டிருந்தால் அந்த வருஷத்துக்கு ஒரு கணக்கு உண்டு, கெடாமல் இருந்தால்...

மிஷின் அலறத் தொடங்கியது. அவள் எண்ண ஆரம்பித்தாள், ஏன் எண்ணுகிறாள் என்று தெரியவில்லை, நூற்று இருபதுவரை எண்ணினாள். பொதபொதவென்று கொட்டும் என்று எதிர்பார்த்தாள், கொட்டவில்லை, மிஷின் முனை கல்லில் பட்டதுபோல் துள்ளித் துள்ளிப் பின்வாங்கியது. லஸ்ஹர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார், குனிந்து பார்த்தார், மறுபடி ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முகமெல்லாம் சாம்பலாக ஏணியில் இறங்கி வந்து, கையளவு கான்கிரீட் துண்டொன்றை அவள் உள்ளங்கையில் வைத்தார். கனமாக இருந்தது, சூடாகவும்.

“மேடம், இதைக் கெட்டுப்போச்சுன்னு எந்த மகராசன் சொன்னான்? பூச்சுதான் சரியில்ல, உள்ள இரும்பு! ரெண்டு முனை மழுங்கிப்போச்சு எனக்கு. இன்னும் அம்பது வருஷம் நின்னிருக்கும்.”

“இஞ்சினியர் எழுதினது” என்றாள், தன் குரல் தனக்கே சின்னதாகக் கேட்டது. உண்மையில் மார்ச் மாதம் வந்த அந்த இஞ்சினியர் இவள் விடாமல் எழுதிய பதினோரு கடிதங்களுக்காகத்தான் வந்தார், அண்ணாந்து பார்த்தார், விரிசலைப் பார்த்தார், எல்லாம் ஒரே வருஷத்துக் கட்டடம், நீள அறையையும் சேர்த்து மொத்தத் தளத்தையும் மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், விடுமுறையில் உடைக்கலாம், அதுவரை விரிசலில்லாத அறைதானே என்று அவளும் வகுப்பை நீள அறையிலேயே நடத்தினாள். சஹ்பி கேட்டிருப்பான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை, சிரிக்கவில்லை, காலால் டிராக்டர் சக்கரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வேறெங்கோ பார்த்தான். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா, தப்பு என்னுடையதுதான் சஹ்பி என்று... எப்படிச் சொல்வது, அந்த நேரத்தில் விரிசலைப் பார்த்தவள் வேறென்ன செய்திருக்க முடியும், யாராக இருந்தாலும் பூட்டத்தானே செய்திருப்பார்கள், செய்திருப்பார்கள்தானே?

தேநீர் குடித்துவிட்டு நீள அறைக்கு வந்தார்கள். இதைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று லஸ்ஹர் ஏணியைச் சாத்தினார். உள்ளே பெஷீர் சாச்சா சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், நேற்றே கழற்றச் சொன்னது, கேட்டால்தானே. லஸ்ஹர் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தளத்தில் ஒரு காலை வைத்தார். வைத்த காலை அப்படியே எடுத்தார். மறுபடி மெதுவாக, சூட்டைத் தொட்டுப்பார்ப்பதுபோல் வைத்தார், எடுத்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் கிளம்பின.

“யாரு உள்ள? யோவ் பெருசு, வெளிய வாய்யா! எல்லாத்தையும் போட்டுட்டு வா!”

“கடிகாரம்யா...”

“கடிகாரத்துல மண்ணள்ளிப் போட! வெளிய வா!”

பெஷீர் சாச்சா கடிகாரத்தையும் அணைத்துக்கொண்டே ஓடிவந்தார். லஸ்ஹர் சுவர்மேலேயே நின்றுகொண்டு, பெரிய சம்மட்டியை வாங்கி, அடிக்கக்கூட இல்லை, தளத்தின்மேல் சும்மா விட்டார்.

பாதிக் கூரை போய்விட்டது. சத்தம் பெரிதாக இல்லை, ஈர மூட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம், அப்புறம் புழுதி, வாசலையும் ஜன்னல்களையும் அடைத்துக்கொண்டு புழுதி. அந்தப் புழுதிக்குள் நின்று மொஞ்சியாவுக்கு முதலில் வந்தது... அப்பாடா. அதுதான் வந்தது. நான் சொன்னது சரி, கெட்டுத்தான் இருந்தது, இந்தக் கட்டடம் கெட்டுத்தான் இருந்தது. நெஞ்சு லேசாகி ஒரு மூச்சு முழுசாக வெளியே போயிற்று, எட்டு மாதத்துக்குப் பிறகு. அடுத்த மூச்சை இழுக்கும்போதுதான் ஜன்னல் வழியாகத் தரை தெரிந்தது, பெஞ்சுக்கால்கள் தேய்த்த நாலு வரிசைத் தடங்கள், அவற்றில் மூன்று வரிசையைக் காணோம், மேலே இடிபாடு கிடந்தது. நவம்பர், டிசம்பர், ஜனவரி, அப்படியே ஜூன்வரை. ஒரு நாளைக்கு மூன்று முறை. மழை நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒட்டி உட்காருங்கள் என்று அவளே சொன்னாள்.

லஸ்ஹர் ஒரு கம்பியோடு வந்தார், அவள் கண்முன்னால் அதைக் கையாலேயே ஒடித்தார், சிவப்புத் தூள் கொட்டியது. “குச்சி மாதிரி ஒடியுது பாருங்க! மேல தண்ணி நின்னு நின்னு எறங்கியிருக்கு, கீழ பளபளன்னு பூசி மூடிட்டாங்க. பிள்ளைங்களை இங்க விடாம பூட்டி வச்சீங்களே மேடம், உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்.” அவர் வெளியூர்க்காரர், எது பூட்டியிருந்தது எது திறந்திருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும். பெஷீர் சாச்சா வெள்ளைவெளேரென்று புழுதி பூசிக்கொண்டு கடிகாரத்தோடு நின்றார், அவளைப் பார்த்தார், பெஞ்சின் மறுமுனையைத் தூக்கியவர் அவர்தான், பார்த்துவிட்டுக் கடிகாரக் கண்ணாடியைச் சட்டையால் துடைக்கத் தொடங்கினார்.

சஹ்பி டிராக்டரைப் பின்னோக்கி முற்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமலே இறங்கி வந்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“மேடம், அன்னைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. அந்தப் பக்கம் கெட்டியா இருந்தாலும் இந்தப் பக்கம்... வெளிய இருந்து யாருக்கு என்ன தெரியும், நீங்க பூட்டினீங்க, பிள்ளைங்க பொழச்சுது.” இடிபாட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “செப்டம்பர்ல எஸ்மாவை அனுப்புறேன். திரும்பவும் மூணாம் வகுப்பானாலும் பரவால்ல, அவளே கேக்குறா. எடம் இருக்குமா?”

“இருக்கு” என்றாள். உடனே சொன்னாள்.

அவன் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். அவனுக்குத் தெரியாது, அவன் மகள் ஒரு நாள்கூட வராததால் வகுப்பு எந்த அறையில் நடந்தது என்பதே அவனுக்குத் தெரியாது, இந்த அறையும் பூட்டிக் கிடந்ததென்றே நினைத்திருக்கிறான். அவளுக்குள் பெயர்கள் ஓடின, ஆசிரியர் கூப்பிடும் அதே வரிசையில், முதல் வரிசை, இரண்டாம் வரிசை, யார் எங்கே, யார் தலைக்குமேல் எது... முப்பத்தொரு பேரில் முப்பது பேர். இந்தக் கூரைக்குக் கீழே ஒரு நொடிகூட உட்காராத பிள்ளை ஒன்றே ஒன்று, அது அவளை மீறி அப்பன் வீட்டில் நிறுத்திவைத்த பிள்ளை.

“சஹ்பி, ஒரு நிமிஷம்.”

கூப்பிட்டுவிட்டாள். இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று ஒரு கணம் நினைத்தாள், கேட்டிருக்க வேண்டாம் என்றும் நினைத்தாள். அவன் டிராக்டரில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான், என்ன மேடம் என்பதுபோல் பார்த்தான், பிறகு அவள் பேசுவது கேட்க வேண்டுமே என்று கையை நீட்டி இன்ஜினை அணைத்தான்.