குறைத்து எழுதிய வருமானம்

பூட்ஸ் கழலவில்லை. கமலா தரையில் மண்டியிட்டு, கயிற்று முடிச்சை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். பெரிய மாமாவின் கால் வீங்கிப்போயிருந்தது. உயிர் போய் வெகுநேரமாகிவிட்டது.

"கத்தியால அறுத்துடலாமா?" என்றான் அவள் கணவன் தங்கதுரை.

"வாணாம். ஆசையா வாங்குனது."

பெரிய மாமா ராசு, தங்கதுரையின் அண்ணன். சிறு பிள்ளையாக மலேயாவுக்குக் கப்பலேறி, ரயில்வேயில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடிமகனாகி, பெண்டாட்டியை அங்கேயே புதைத்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் பென்சனோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர். பிறந்த ஊரில் அவர் வெளிநாட்டுக்காரர். வருஷா வருஷம் விசாவை நீட்டிக்க வேண்டும். அதற்கு, யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைக்கப் பென்சன் வருகிறது என்று ஜில்லா ஆபீசில் காட்ட வேண்டும்.

இந்த வருஷம் அவருக்கு நெஞ்சு வலி. காகிதங்களைத் தங்கதுரைதான் கொண்டுபோனான். கமலாவின் யோசனையும் கூடவே போனது.

"சர்க்கார் ஆபீசுல போயி வருமானம் ஜாஸ்தின்னு எவனாச்சும் சொல்லுவானா? மணியக்காரரப் பாத்து கம்மியா எழுதி வாங்கிக்கினு போங்க. இல்லாதவங்கன்னாதான் எரக்கப்படுவாங்க."

அவள் முட்டாள் இல்லை. அவள் பார்த்த சர்க்கார் அப்படித்தான். மகன் இளஞ்செழியனுக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்ததும், கிணற்றுக்கு மானியம் வந்ததும், இல்லை இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான். மணியக்காரரும் மறுக்கவில்லை. வருஷ வருமானம் ஆயிரத்து இருநூறு, தம்பி தயவில் இருக்கிறார் என்று சர்டிபிகேட் எழுதி முத்திரை குத்தினார். பென்சன் கடிதத்துக்கு மேலே அதை வைத்துப் பெருமையாக நீட்டிவிட்டு வந்தான் தங்கதுரை.

சோத்துக்கு வழியில்லாத வெளிநாட்டாரை எந்த நாடு வைத்துக்கொள்ளும்? ஒரு மாதத்தில் நாட்டை விட்டுப் போகச் சொல்லித் தாக்கீது வந்தது.

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எங்கம்மா போவேன் நான்?" என்று மட்டும் கமலாவிடம் கேட்டார். மலேசியாவுக்கு எழுதிப்போட்டு, புதிதாகப் பென்சன் கடிதம் வரவழைத்தார். அது கைக்கு வந்த அன்றுதான் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வார மறியல் ஆரம்பித்தது. ஒரு ரோடு மிச்சமில்லாமல் அடைத்துவிட்டார்கள்.

இன்று காலை பேண்ட், சட்டை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, புதுக் கடிதத்தோடு ஜில்லா ஆபீசுக்குப் போக, அவர் யாரிடமும் சொல்லாமல் தியாகதுருகம் ரோட்டுக்கு நடந்திருக்கிறார். ரோட்டுக்குக் குறுக்கே புளிய மரத்தை வெட்டிச் சாய்த்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். தங்கதுரையும் அங்கேதான் இருந்தான்.

"ஒரு வண்டியும் போவாதுண்ணா. வூட்டுக்குப் போ."

"நாளையோட கெடு முடியுது தம்பி. நடந்தே போறேன்."

மரத்தைத் தாண்டக் காலைத் தூக்கியவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் அதுதான். வேறு வழியில்லாமல் பிள்ளைகளே மாட்டுவண்டி கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாதி தூரத்தில் மூச்சு நின்றுவிட்டது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது. கமலாவுக்கு அப்போதுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனுசன் ஒரு தடவையாவது அவளைத் திட்டியிருக்கலாம்.

"நாந்தான கம்மியா எழுதச் சொன்னன்..."

"வாய மூடு. மணியக்காரரு வந்துக்கினு இருக்காரு," என்றான் தங்கதுரை.

மணியக்காரர் வந்து, பிணத்தின் முகத்தைப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து இறப்புப் பதிவு நோட்டைப் பிரித்தார். பேர், அப்பா பேர், வயது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்கதுரை சொல்லிக்கொண்டே வந்தான்.

"ஊரு?"

தங்கதுரை மணியக்காரரைப் பார்த்தான். வெளிநாட்டு ஆள் என்று எழுதினால் போலீசுக்குத் தகவல் போக வேண்டும். ரோடு திறந்து அவர்கள் வருகிறவரை பிணத்தை எடுக்க விடுவார்களோ என்னவோ. அது மணியக்காரருக்கும் தெரியும்.

"இந்த ஊருதாங்க," என்றாள் கமலா. ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இங்கதான பொறந்தாரு? எழுதிக்கோங்க."

அவர் எழுதினார்.

கமலா நகரவில்லை. அடுத்தது வருமானம் கேட்பார். மாதப் பென்சன் எவ்வளவு என்பது, மலேசிய வெள்ளியில் எவ்வளவு, ரூபாயில் எவ்வளவு என்று, இந்த ஒரு மாதத்தில் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. ஒரு பைசா குறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

மணியக்காரர் நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்டார்.