அழித்தாலும் திரும்பி வரும் படம்

கரகண்டா சுரங்க நகரில் எங்கள் கணினிக் கூடத்தில் நான் பெட்டி சுமப்பவன். ஜானில் என்ற அக்கா அங்கே தரை துடைப்பவள். அவள் மகன் சுரங்கத்தில் நசுங்கிச் செத்ததை எவனோ படம் பிடித்து எங்கள் இணையதளத்தில் ஏற்றிவிட்டான். செத்தவனுக்காகப் போடும் நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு உறவுகள் கூடுமுன் அதை அழித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

பொறியாளர் யெர்சாத் சாயங்காலம் அழித்தான். காலையில் படம் திரும்பி வந்திருந்தது. மறுபடி அழித்தான், மறுபடி வந்தது.

"ஒரே படத்தை நாலு ஊர் மெஷின்ல வச்சிருக்கோம் அக்கா," என்றான். "அழிக்கிறப்ப ஒண்ணு அணைஞ்சு கிடந்தா அதுக்குச் சேதி தெரியாது. முழிச்சதும் தன்கிட்ட இருக்கறதை மத்த மூணுக்கும் குடுத்துடும்."

அணைந்து கிடந்தது பல்காஷ் ஊர் மெஷின். அங்கே காவலிருக்கும் ஒரின்பாயைப் போனில் பிடித்தோம்.

"ஆமா, பொழுது சாஞ்சா மெஷின் பிளக்கைப் பிடுங்கிடுவேன். அந்த பாயிண்ட்லதான் என் ஹீட்டரைச் சொருகணும். இங்க ஏரியே உறைஞ்சு கிடக்கு. உங்களுக்கென்ன, கதகதன்னு உக்காந்து பேசுறீங்க."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கய்யா," என்றேன். "பிள்ளையைப் பறிகொடுத்தவ கேக்கறா."

முனகிக்கொண்டே ஹீட்டரைப் பிடுங்கி மெஷினைச் சொருகினான். நான்கும் ஓடும்போது யெர்சாத் அழித்தான். அடுத்த நாளும் படம் வரவில்லை. ஜானில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சாப்பாட்டன்று அவள் வீட்டில் குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்தபடி போனை நீட்டினாள்.

"அவன் கடைசி முகம். அழிஞ்சுடக் கூடாதேன்னு அன்னிக்கே எறக்கி, சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

ஜானில் நிமிரவில்லை. கறியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.