நடுங்காத வெள்ளி

"உம்மா, அந்த வெள்ளி ஏன் நடுங்குது? இந்த வெள்ளி மட்டும் ஏன் நடுங்காமல் நிக்குது?"

வயற்கரைக் கொட்டிலில் படுத்திருந்த றிம்ஸியா ஒரு விடியற்புறம் வானத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. சேற்றில் நின்ற றம்லா, "படு மகள், பள்ளிக்கூடம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுச் சிறுபோகம் அது. பதினான்கு வயதில் முல்லைத்தீவை விட்டுப் போய், புத்தளம் அகதி முகாமில் வாழ்ந்து, பிள்ளையோடு திரும்பி வந்த றம்லாவுக்கு அதுதான் முதல் வேளாண்மை. கணவன் பாஹிம் வவுனியாவில் வியாபாரம். கிழமைக்கு ஒருநாள்தான் வருவான். வாப்பா விட்டுப்போன வயல் அளவு குறையாமல் கிடந்தது. பக்கத்து வயல்காரி கமலாசனி ஒரு சாண் வரம்பைக்கூடத் தன் பக்கம் வெட்டியிருக்கவில்லை.

இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால். முறை நாளில் இருட்டியதிலிருந்து தண்ணீர் கமலாசனிக்கு. விடிவெள்ளி எழும்பியதும் றம்லாவுக்கு. மணிக்கூட்டுக்குப் பற்றறி கிடைக்காத சண்டைக் காலத்தில் ஊர் வயல்காரர் வைத்துக்கொண்ட ஒழுங்கு. சமாதானம் வந்து பற்றறியும் வந்தபின் அதை யாரும் மாற்றவில்லை.

"நான் வந்து காவல் நிக்கேலுமோ பிள்ளை? வெள்ளியைப் பார்த்து நீயே மடையைத் திருப்பு" என்று கமலாசனி சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையை றம்லா நகைபோலப் போற்றி வைத்திருந்தாள்.

நான்கு நாள் கழித்து, பள்ளிக்கூடத்தால் வந்த றிம்ஸியா செருப்பையும் கழற்றாமல் குசினிக்குள் ஓடி வந்தாள்.

"உம்மா! அருந்ததி ரீச்சர் என்ர கேள்வியைக் கரும்பலகையில எழுதினவா! எல்லாரையும் கைதட்டச் சொன்னவா!"

"அப்படியோ! என்னவாம் பதில்?"

"நட்சத்திரம் கனக்கத் தூரமாம். ஒரு புள்ளி மாதிரித்தான் தெரியுமாம். காத்து அசையேக்க அந்த வெளிச்சமும் அசையுமாம். கிரகம் கிட்டவாம், சின்னத் தட்டு மாதிரியாம். அதின்ர ஒரு பக்கம் அசைஞ்சாலும் மற்றப் பக்கம் சரிக்கட்டுமாம். அதுதான் நடுங்காதாம். விடிவெள்ளி நட்சத்திரமே இல்லையாம், உம்மா. கிரகமாம்!"

தேங்காய் திருவிக்கொண்டிருந்த றம்லாவின் நெஞ்சு நிறைந்தது. முகாமில் பிறந்த பிள்ளை ஒரு வகுப்பையே வானத்தைப் பார்க்க வைத்துவிட்டதே! "மாஷா அல்லாஹ்" என்று மகளைக் கொஞ்சியவளின் கை, மறுபடி திருவலைக்குப் போனபோது பாதியில் நின்றுவிட்டது.

அன்று அவள் மடை திருப்பியது எந்த வெள்ளியைக் கண்டு? வடகிழக்கில் பனைகளுக்கு நடுவே, நீலமும் சிவப்புமாக நடுங்கிக்கொண்டு எழுந்த வெள்ளியை. அதன்பிறகு அவள் நண்டு வளைகளை அடைத்தாள். தேத்தண்ணி வைத்துக் குடித்தாள். ஒரு வரம்பு முழுக்க மண்வெட்டியால் புல்லுச் செருக்கினாள். பிறகுதான் கிழக்கே அசையாத பெரிய வெளிச்சம் ஒன்று வந்தது. பிள்ளை கேள்வி கேட்டதும் அப்போதுதான். இரண்டு மணித்தியாலம், கமலாசனியின் தண்ணீர் தன் வயலில் பாய்ந்திருக்கிறது.

பின்னேரமே கமலாசனியிடம் போனாள். மேட்டுப் பாத்தி வெடித்துக் கிடந்தது.

"இதுக்கு மட்டும் தண்ணி ஏறேல்லை பிள்ளை. முல்லைத்தீவு நண்டெல்லாம் என்ர வாய்க்காலுக்கைதான் குடியிருக்கு!"

"நண்டில்லாமல்... தண்ணி என்ர வயலுக்கு வந்திருந்தா, அக்கா?"

"வந்தா வரட்டுமே! உன்ர நெல்லு என்ன, ஊரான்ர நெல்லோ? விசர்க்கதை கதையாமல் ரெண்டு முருங்கைக்காய் புடுங்கிக்கொண்டு போ."

சொன்னால் அவர் சிரித்து மன்னித்துவிடுவார் என்று றம்லாவுக்குத் தெரிந்தது. மன்னிப்பால் மேட்டுப் பாத்தி நனையாது. முருங்கைக்காயோடு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த தண்ணீர் முறை வந்தது. கிழக்கே வெளிச்சம் எழுந்தபோது றிம்ஸியா கொட்டிலுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"நடுங்கேல்லை உம்மா! அதுதான்!"

"ஓம் மகள், அதேதான். நீ காட்டின வெள்ளி."

பிள்ளை சிரித்தபடியே தூங்கிப்போனாள். றம்லா மடையில் கை வைக்கவில்லை. அவளுடைய நெல்லும் பால் பிடிக்கும் பருவந்தான். தன் வயலின் கரைத் துண்டு வாடும் என்று தெரிந்தே இருந்தாள். மண்வெட்டியோடு வாய்க்கால் வழியே நடந்து, வளைகளை அடைத்துத் தண்ணீரை மேட்டுப் பாத்திக்கு ஏற்றினாள். வெடிப்புகள் அதை மடமடவென்று குடித்தன. கமலாசனி வீட்டில் விளக்கில்லை.

விடிவெள்ளி பனை வட்டுக்கு மேலே ஏறி, கீழ்வானம் வெளுக்கும்வரை அப்படியே விட்டாள். பிறகு மடையைத் தன் பக்கம் திருப்பி, வந்த முதல் தண்ணீரில் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவினாள்.