இஸட்டுக்குப் பிறகு எச்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கியூ என்ற எழுத்தில் பிறந்தது. இணையத்தில் ஒரு விளையாட்டு. ஏ முதல் இஸட் வரை ஒவ்வோர் எழுத்துக்கும் மேற்கத்தியச் செவ்விசைக்காரர் ஒருவரின் பெயர் சொல்ல வேண்டும். கியூவில் மூன்று நாள் கிடந்தேன். சின்னப் பிள்ளைகள் விளையாடுவதாம்! அந்தக் கோபத்தை இறக்கிவைக்க ஒரு மனிதரைப் பிடித்தேன்.

2

தெல்தெனியவில் அன்று மழை—

(வேண்டாம். என் கதைகளில் பெய்த மழைக்கு விக்டோரியா நீர்த்தேக்கம் இரண்டு தடவை நிரம்பி வான்பாய்ந்திருக்கும்.)

ஹாட்வெயார் கடைக்காரர் சாஹுல் ஹமீது இசையை வெறுப்பவர்—

(பொய். ரேடியோ பாடாவிட்டால் அவருக்கு ஆணி நிறுக்கவே கை வராது.)

சரி, நேராக வருகிறேன். மகள் ஷஹ்மா இசை டீச்சர் வேலைக்கு நேர்முகத்தேர்வுக்குப் போன அன்று, அவளைக் கேட்காமல் அவளுடைய கீபோர்டைப் பாலர் பாடசாலை ஒன்றுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். “வீட்ட எடத்த அடச்சிக்கிட்டு ஈந்திச்சி” என்பது அவர் சொன்ன காரணம். (அதைவிட நல்ல காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க நானும் முயன்றேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

“ஒங்கட பேரும் எனக்கு வாணாம், வாப்பா” என்று சொல்லிவிட்டுக் கண்டியில் அறை எடுத்துப் போனாள். ஏழு மாதம். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

3

தன் மாணவர்களுக்காக ஷஹ்மா அமைத்ததுதான் அந்த விளையாட்டு. உம்மா ரபீகாவின் போனுக்கு இணைப்பு வந்தது. வாப்பா களவாகக் கடைக் கணினியில் சேர்ந்தார், ‘தெல்தெனிய ஹாட்வெயார்’ என்ற மாறுவேடத்தில்.*

*இதற்கு நான் பொறுப்பல்ல. அவரே தட்டச்சினார்.

நாளுக்கு ஓர் எழுத்து. பீ: ‘இருபது பிள்ளைகளின் தகப்பன்.’ தேடிக் கண்டுபிடித்து, அவருடைய முதல் பெயரை, ‘யொஹான்’ என்று அடித்தார். பிழை. எம்: ‘ஐந்து வயதில் இசையமைத்தவர்.’ ‘வுல்ஃப்காங்.’ பிழை!

“எம்முக்கு டபிள்யூவப் போட்டா சரிவருமா?” ரபீகா கேட்டார்.

“இவர்ட பேரு வுல்ஃப்காங். மொசார்ட் எண்டது வாப்பாட பேரு. வாப்பாட பேரச் செல்லி ஆரு மகனக் கூப்பிடுற?”

“வெள்ளக்காரன் கூப்பிடுவான்.”

“அப்ப புள்ள கோவிச்சிக்கிட்டுப் போனா, அவன் என்ன பேருல போற?”

சாஹுல் ஹமீது தன் நியாயத்தை அப்படியே கருத்துப் பெட்டியில் எழுதி அனுப்பினார். மறுநாள் பக்கத்தின் உச்சியில் ஓர் அறிவிப்பு: ‘எம்-இல் வுல்ஃப்காங் என்று எழுதியவருக்கு அரைப் புள்ளி. அவர் சொல்வதிலும் நியாயமுண்டு.’

அந்த அரைப் புள்ளியை வாடிக்கையாளர் எல்லோருக்கும் காட்டினார். சீமெந்து வாங்க வந்த கணேஸ் கேட்டான்: “பரிசு என்னங்க மொதலாளி?”

“போடா, ஒனக்கு வெளங்காது.”

4

(இங்கே அவர் கண்டிக்குப் பஸ் ஏறினார். மனிதர் பாதி வழியில், கேட்டுக்கடை வரை போய்த் திரும்பிவிட்டதால் கிழித்தேன்.)

5

இஸட் முடித்தவர்களுக்கு விளையாடியவர்களின் பட்டியல் திறக்கும். கடைசிப் பெயரின் அகரவரிசை. அமைத்தவளின் பெயரும் அதில் உண்டு. அவள் இன்னும் ஷஹ்மா ஹமீது என்றால் எச்-இல் இருப்பாள். வெறும் ஷஹ்மா என்றால் எஸ்ஸில்.

இஸட்டுக்கு விடை தெரிந்தும் நான்கு நாள் இழுத்தடித்தார். நானும் சேர்ந்து இழுத்தேன். இன்று அடித்துவிட்டார். பட்டியல் திறந்துவிட்டது.

“நீ பாரு” என்றார்.

“கண்ணாடி இல்ல” என்றார் ரபீகா. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

6

எச்-இல் அவள் இருந்து, வாப்பா அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். வட்டிலப்பம்போலத் தித்தித்தது. எஸ்ஸில் அவள் தனியே நிற்பதாக எழுதினேன். எனக்கே அன்று சோறு இறங்கவில்லை. மின்சாரத்தைத் துண்டித்தும் பார்த்தேன், கோழைத்தனம்!

நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். எச்-இல் ஒரு பெயர் இருக்கிறது: ‘ஹாட்வெயார், தெல்தெனிய’. அந்த வரிசைப்படி, ஹமீது என்று ஒருத்தி இருந்தால் அதற்குச் சற்று மேலே இருப்பாள்.

அவர் ஜீ வரை உருட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். என்னாலும் முடியாது. சுட்டியை நீங்கள் பிடியுங்கள். மெதுவாக உருட்டுங்கள், தயவுசெய்து. இரண்டு பேரும் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.